மழைக்கு மட்டும் விழுந்த லைன்

மழை பெய்தால் இன்ரநெற் விழுகிறது என்று முறைப்பாடு வருகிற வீடுகளுக்குத்தான் கடைசிப் பத்து வருடமும் என்னை அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அந்த வேலை பிடிக்காது. மழையில் கெடும். நாங்கள் போகும்போது காய்ந்திருக்கும். மீற்றர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். பிழை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு வருவோம். அடுத்த மழைக்கு அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு வரும்.

இப்போது நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். செம்பு வயருக்குப் பதிலாக ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வந்துவிட்டது. அதற்கு மழை ஒரு பொருட்டில்லை என்கிறார்கள். என்னோடு வேலை செய்த சிலர், "சிவம் அண்ணை, அந்த மழைக் கேசுகளை ஒருக்கா எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இலங்கையிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு தொழிற்சாலை. பிறகு ஒரு கேபிள் கொந்தராத்துக்காரரிடம் ஆறு கிழமைப் பயிற்சி. ஏணி வைப்பது, வயர் உரிப்பது, மீற்றர் வாசிப்பது. அவ்வளவுதான் படிப்பு.

எங்கள் சுப்பர்வைசர் பஷீர். மன்னார்ப் பக்கத்து முஸ்லிம். ரெக்ஸ்டேலில் வீடு. என்னைவிட இரண்டு வயதுதான் கூட. ஆனால் அண்ணன் முறையில் எல்லாரும் நானா என்றே கூப்பிடுவோம். நானா ஒரு வீட்டுக்கு வந்தால் முதல் பத்து நிமிடம் ஒன்றையும் தொட மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடப்பார். பிறகுதான் வேலை. மோடத்தில் தொடங்கி, வயரைத் திருகிப் பூட்டியிருக்கிற ஒவ்வொரு மூட்டாகக் கழற்றுவார். கழற்றிய மூட்டை முதலில் மணந்து பார்ப்பார். தண்ணீர் போன செம்புக்கு ஒரு மணம் உண்டு. பிறகு அதன் உள்பக்கம். வெள்ளையாக இருந்தால் நல்லது. பச்சை பிடித்திருந்தால் தண்ணீர். ஒன்றைக்கூட விட மாட்டார். அவசரப்படவும் மாட்டார்.

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் ஒரு பெரிய வீடு. மூன்று பேர் போய் மோடத்தை மாற்றியும் சரிவரவில்லை. நானாவோடு நான் போனேன். பேஸ்மென்றில் மோடத்துக்குப் பின்னால் இருந்த வயரை வெட்டினார். பையிலிருந்து ஒரு ரிஷ்யூக் கடதாசி எடுத்தார். வெட்டிய முனையை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வயரை இரண்டு விரலால் வழித்துக்கொண்டு வந்தார். கடதாசியில் ஒரு சின்ன ஈரப் பொட்டு விழுந்தது. பிறகு அது பெருத்தது. பிறகு வயரின் முனையில் ஒரு துளி திரண்டு நிலத்தில் விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"எங்கையிருந்து வருது எண்டு நினைக்கிறீர்?" என்று கேட்டார்.

"சுவரில ஓட்டை இருக்கும்."

"வாரும், பாப்பம்."

சுவரில் ஓட்டை இல்லை. பின்வளவு முழுக்க நடந்து கம்பத்தடிக்குப் போனோம். உச்சியில் அணில் கடித்து வயரின் தோல் விரல்நகம் அளவு கிழிந்திருந்தது. அதற்குள்ளால் போன மழைத்தண்ணீர், வயரின் தோலுக்கும் அதற்குள் இருக்கிற கம்பிப் பின்னலுக்கும் நடுவால் அந்த வளவைக் கடந்து, சுவரைக் கடந்து, படி இறங்கி, மோடம் வரைக்கும் வந்திருக்கிறது. நான் கம்பத்தையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். நானா சொன்னார்:

"சிவம், உது நடந்து வந்த தூரத்தைப் பாத்தீரோ. எங்களுக்கு வழி காட்ட ஆக்கள் வேணும். உதுக்கு ஒருத்தரும் வேண்டாம்."

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீரில் ஒரு பயம். பயம் என்பது சரியில்லை. மரியாதை.

ஆனால் அந்த மரியாதைதான் பிறகு ஒரு வீட்டில் என் கண்ணைக் கட்டியது. நான் எழுத நினைத்தது அந்த வீட்டைப் பற்றித்தான்.

ஸ்காபரோவில் ஒரு பழைய தெரு. கம்பங்கள் பின்வளவால் போகும். வயர் கம்பத்திலிருந்து வளவுக்கு மேலால் வந்து, சுவரில் ஒரு கொளுக்கியில் மாட்டி, சுவரோடு கீழே இறங்கும். நெஞ்சுயரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு பித்தளைத் துண்டு. அதன் ஒரு பக்கம் கம்பத்து வயரும் மற்றப் பக்கம் வீட்டுக்குள் போகிற வயரும் திருகியிருக்கும். எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

வீட்டுக்காரியின் பெயர் வசந்தி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பார ஊர்தி ஓட்டுகிறவர், கிழமைக்கணக்கில் வெளியே. வீட்டில் வசந்தியும் மாமனாரும். வசந்திக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆஸ்பத்திரிகளில் ஆங்கிலம் தெரியாத தமிழ் நோயாளிகளுக்கும் டொக்ரருக்கும் நடுவில் வீடியோவில் மொழிபெயர்ப்பது. பேஸ்மென்றில் ஒரு மேசை, ஒரு கணினி, காதில் மாட்டுகிற கருவி. அவ்வளவுதான் அலுவலகம்.

மழை பெய்தால் லைன் விழும். நான் போவதற்கு முதல் நான்கு பேர் போயிருந்தார்கள். நான் இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் நல்ல வெயில். மோடத்திலிருந்து பெட்டி வரை பார்த்தேன். பெட்டிக்குள் மூட்டைப் புதிதாகப் போட்டேன். கம்பத்து உச்சியில் இருந்த மூட்டையும் மாற்றினேன். கடதாசியில் ஈரம் இல்லை. செம்பில் பச்சை இல்லை. இரண்டு தரமும் "சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு தரமும் அடுத்த மழையில் விழுந்தது.

மூன்றாம் தரம் வசந்தி நேரே என் கைத்தொலைபேசிக்கு எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் சரியெண்டு சொல்லிப்போட்டுப் போனியள்."

"ஓம் பிள்ளை."

"நேற்று ஒரு டொக்ரர் ஒரு வயசுபோன மனிசனுக்கு விசயம் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் அதைத் தமிழில சொல்லத் தொடங்கினன். பாதியில விழுந்திட்டுது. அந்த மனிசன் பாதியைக் கேட்டுப்போட்டு இருந்திருக்கு. மிச்சத்தை ஆர் சொன்னது, சொன்னவையோ இல்லையோ, எனக்குத் தெரியாது."

அவளே தொடர்ந்தாள்.

"இன்னும் ஒருக்கா விழுந்தால் என்னை மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலயிருந்து எடுத்துப்போடுவினமாம். அது என்ரை பாடு. அந்த மனிசன் என்ன பாவம் செய்தது?"

நான் நானாவிடம் போனேன். பிழையை நானே ஒப்புக்கொண்டேன். அவர் ஏசவில்லை. கேட்டார்:

"எப்ப விழுறது எண்டு கேட்டீரோ?"

"மழைக்கு."

"எப்ப விழாமல் நிண்டது எண்டு கேட்டீரோ?"

அதை நான் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே வசந்திக்கு எடுத்தேன். அவள் யோசித்துச் சொன்னாள். போன வருடமும் ஆடி மாதம்தான் தொடங்கியது. இலை கொட்டத் தானாக நின்றுவிட்டது. மாரியில் பனி உருகி ஓடியபோது ஒன்றுமில்லை. ஏப்ரல் முழுக்க மழை, அப்போதும் ஒன்றுமில்லை. இந்த வருடம் மறுபடி ஆடியில் தொடங்கியது.

நானா மேசையில் விரலால் தட்டினார்.

"அப்ப உள்ளுக்குத் தண்ணி போகேல்லை. தண்ணி போற ஓட்டை மாதம் பாக்காது."

"மழைக்குத்தானே நானா விழுது?"

"மழைக்குத்தான். ஆனால் தண்ணி உள்ளுக்குப் போய் இல்லை. கோடையில மட்டும் ஏதோ ஒண்டு வயரில முட்டுது. மழையுக்கை போய்ப் பாரும்."

இது சின்னச் சொல் இல்லை. மழை என்றால் நாங்கள் வெளிவேலை செய்வதில்லை. ஏணி ஏறக் கூடாது என்பது கட்டளை. மழை விட்ட பிறகுதான் எங்கள் வான் வண்டி வெளிக்கிடும். அதனால் அந்த வயரை மழைக்குள் வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நான் உட்பட. இத்தனை வருடம் மழைக் கேஸ் பார்த்தவன், ஒரு நாளும் மழையில் நின்று பார்த்ததில்லை.

"ஏறவேண்டாம். கீழை நிண்டு பாத்தால் காணும்" என்றார் நானா. "நான் இஞ்சை கணினியில உந்த மோடத்தின்ரை சிக்னலைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அந்தக் கிழமையே மழை வந்தது. மத்தியானம் போனேன். வானம் கறுத்திருந்தது. வசந்தி கதவைத் திறந்தாள்.

"இப்ப ஒண்டும் கழட்டாதையுங்கோ அண்ணை. இரண்டு மணிக்கு ஒரு வீடியோ கோல். ஒரு மணித்தியாலம். போனமுறை பாதியில நிண்ட அதே மனிசன்தான். மகள்காரி என்னைத்தான் வேணுமெண்டு கேட்டிருக்கிறா."

"கழட்ட மாட்டன். பின்னாலை நிண்டு பாக்கப் போறன்."

"மழையுக்கையோ?"

"ஓம்."

பின்வளவில் அவளின் மாமனார் நின்றார். எண்பது வயது. தலையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அவருடைய பந்தல் வளவின் பாதியைப் பிடித்திருந்தது. கயிறு கட்டிப் படர விட்ட புடலங்கொடி. ஒவ்வொரு காயின் நுனியிலும் நூலில் ஒரு கல் கட்டியிருந்தார். காய் சுருளாமல் நேரே வளர. ஊரில் எல்லாரும் செய்வதுதான். முந்திய தரம் போனபோது அந்தக் கல்லில் ஒன்று என் முழங்காலில் நன்றாக இடித்தது.

"நல்லாக் காய்ச்சிருக்கு ஐயா" என்றேன்.

"என்ன காய்ச்சு. உவள் மருமகள் தின்னமாட்டாள். கைக்குதாம்."

"புடலங்காய் கைக்குமோ?"

"நானும் அதைத்தான் கேட்டனான். பிறகு சண்டை."

மழை பிடித்தது. நான் முதலில் பக்கத்து வளவு மேப்பிள் மரத்தைப் பார்த்தேன். இலை நனைந்து கிளை தாழ்ந்து வயரில் முட்டுகிறதா என்று. முட்டவில்லை. ஒரு முழம் இடைவெளி இருந்தது. கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டேன். மறுபக்கம் நானா.

"மரம் முட்டேல்லை நானா."

"இஞ்சை சிக்னல் நல்லா நிக்குது. நில்லும்."

இரண்டு மணியானது. சுவரின் அடியில் பேஸ்மென்ற் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. வசந்தி வணக்கம் சொல்வது கேட்டது. முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ்.

மழை வலுத்தது. நானா மெதுவாகச் சொன்னார்.

"சிவம். இறங்கத் தொடங்கிற்றுது."

நான் சுற்றிப் பார்த்தேன். பெட்டி மூடியிருந்தது. வயர் நேராக இருந்தது. ஒன்றும் முட்டவில்லை.

"இன்னும் இறங்குது."

அப்போதுதான் கல்லைக் கண்டேன். முழங்காலில் இடித்த அதே கல். அது இப்போது என் இடுப்புக்குக் கிட்ட நின்றது. மற்றக் கற்களைப் பார்த்தேன். எல்லாம் மேலே போயிருந்தன. மழை கீழே விழுகிறது. பந்தல் மேலே எழும்புகிறது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பந்தல் கயிறு. தொய்ந்து கிடந்த கயிறு விறைத்து நின்றது. விரலால் தட்டினேன். நரம்புக் கருவி மாதிரி அதிர்ந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே இலைக்குள்ளால் சுவர் வரைக்கும் போனேன். கொளுக்கியில் கட்டியிருக்கிறார் என்றுதான் முந்தி நினைத்திருந்தேன். இலைக்குள் கை விட்டுப் பார்த்ததில்லை. தோட்டம் அவருடையது, வயர் என்னுடையது என்று விட்டுவிட்டேன்.

முடிச்சு கொளுக்கியில் இல்லை. வயரில் இருந்தது. பெட்டிக்கு ஒரு சாண் மேலே.

"நானா, கயிறு."

"என்ன கயிறு?"

"பந்தல் கயிறு. நனைஞ்சு குறுகி வயரை இழுக்குது."

நானா மிக மெதுவாக, "அல்லாஹ்" என்றார். பிறகு, "விழப்போகுது சிவம்."

பெட்டியைத் திறந்தேன். நான் போட்ட மூட்டுத்தான். வெளியே பார்த்தால் ஒரு பிழையும் இல்லை. வயரைப் பிடித்து மூட்டுக்குள் மெல்லத் தள்ளினேன்.

"என்ன செய்தனீர்? ஏறிற்றுது."

"வயரைத் தள்ளிப் பிடிச்சிருக்கிறன்."

"விடாதையும்."

வயரின் நடுச்செம்பு மூட்டுக்குள்ளே பின்னால் இழுபட்டிருந்தது. அரிசி மணியில் பாதி அளவுகூட இராது. வெயிலில் கயிறு தளரும், செம்பு தொடும். மழையில் கயிறு இறுகும், செம்பு விடும். தண்ணீர் வயருக்குள் நுழையவே இல்லை. தூரத்தில் நின்று கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறது.

மூட்டைப் புதிதாகப் போடலாம். ஆனால் கழற்றினால் கோல் போய்விடும். கையை விட்டாலும் போய்விடும். கிழவரைப் பார்த்தேன். அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நைலோன் கொடியை அறுக்கும் எண்டு பருத்திக் கயிறு தேடி வாங்கினனான் தம்பி" என்றார். "வயர் நல்ல உரமா நிண்டது. அதாலைதான் ஆடியில கட்டி, இலை கொட்ட அவிழ்க்கிறனான்."

"ஐயா, கயித்தை வெட்டவேணும். நான் கை எடுக்கேலாது."

"என்ரை கயிறுதானோ உவளின்ரை லைனை விழுத்தினது?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. கொட்டிலுக்குள் போய்க் கத்தி எடுத்து வந்தார்.

"மெதுவா ஐயா. குலுங்கக் கூடாது."

ஒரு கையால் கயிற்றின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் இழை இழையாக அறுத்தார். கயிறு விட்டதும் அதை மெல்ல நிலத்துக்கு இறக்கினார். பந்தலின் அந்தப் பக்கம் முழுக்கச் சேற்றில் படுத்தது. காய்களும் கற்களும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் குடை கொண்டுவந்து விரித்துப் பிடித்தார்.

எனக்கு இல்லை. பெட்டிக்கு.

"நீர் நனைஞ்சால் காயும்" என்றார். அதுவும் சரிதான்.

கயிறு போனாலும் இழுபட்ட செம்பு உடனே முன்னுக்கு வராது. நான் பிடித்தபடியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துவிட்டது. நானா காதுக்குள், "நிக்குது. நிக்குது" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு பேச்சில்லை.

ஜன்னலால் வசந்தியின் குரல் கேட்டது. என்ன பேசப்பட்டது என்று எழுத மாட்டேன். அது அந்த மனிசருடைய விசயம். இதை மட்டும் சொல்லலாம். டொக்ரர் சொல்வதை அவள் கேட்டாள். பிறகு தமிழில் சொன்னாள். நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல். அதன் பிறகு ஒருவரும் பேசவில்லை. நீண்ட நேரம். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"நானா?" என்றேன்.

"நிக்குது சிவம். ஒரு அசைவில்லை."

லைன் நின்றது. அவர்கள்தான் பேசவில்லை. அந்த மனிசர் கேட்டதை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். வசந்தி காத்திருந்தாள். டொக்ரர் காத்திருந்தார். அந்தப் பேசாத நேரமும் என் இரண்டு விரலுக்கு நடுவால்தான் போய்க்கொண்டிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் வயர் பிடித்தேன். அதற்குள்ளால் என்ன போகிறது என்று அன்றுதான் தெரிந்தது. கிழவர் குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு அந்த மனிசர் ஏதோ கேட்டார் போலும். வசந்தி ஆங்கிலத்தில் சொன்னாள். பேச்சு மறுபடி தொடங்கியது.

மூன்று மணிக்குப் பிறகு வசந்தி பின்கதவால் வந்தாள். கண் சிவந்திருந்தது. சேற்றில் கிடந்த பந்தலைப் பார்த்தாள்.

"மாமா, உது ஆர் வெட்டினது?"

"நான்தான்."

"ஏன்?"

கிழவர் வயரைக் காட்டினார். பிறகு கயிற்றைக் காட்டினார். அவளுக்கு விளங்கச் சற்று நேரமானது. அவள் சேற்றுக்குள் இறங்கி, முறியாமல் கிடந்த ஒரு காயை எடுத்தாள். அதன் நுனிக் கல்லை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"உதை ஏன் எடுக்கிறாய்? உனக்குக் கைக்குமே" என்றார் கிழவர்.

"முழுசா விழுந்திட்டுது. சமைக்காமல் என்ன செய்யிறது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எவ்வளவு நேரமா நிக்கிறியள் அண்ணை?"

"கொஞ்ச நேரம்தான்" என்றேன்.

மூட்டைக் கழற்றிப் புதிது போட்டேன். பத்து நிமிட வேலை. சுவரில் வயரை ஆணிப் பிடியால் இறுக்கினேன். கிழவருக்குக் கயிறு கட்ட வேறு இடத்தில் ஒரு கொளுக்கி அடித்துக் கொடுத்தேன். அது எங்கள் வேலையில் இல்லை.

வானுக்குள் இருந்து வேலைத்தாளை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தண்ணீர் புகுந்தது, விலங்கு கடித்தது, பனிக்கட்டி, வீட்டுக்காரர் சேதம், வேறு காரணம். நானாவிடம் எதைப் போடுவது என்று கேட்டேன்.

"வீட்டுக்காரர் எண்டு போட்டால் பழியை அந்தப் பந்தல் ஐயாவில போட்டமாதிரி" என்றார். "மழை எண்டு எழுதும். பொய்யில்லைத்தானே."

எழுதினேன்.

அடுத்த நாளும் மழை. எனக்கு விடுமுறை. மல்வேர்னில் என் வீட்டில் இருந்தேன். மத்தியானம் நானா தொலைபேசியில் எடுத்தார். வேறு வேலையாக இருக்கும் என்று நினைத்தேன்.

"வசந்தி வீட்டு மோடத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். "காலமையிலயிருந்து அவ கோலிலதான் இருக்கிறா. சிக்னல் கோடு போட்ட மாதிரி நிக்குது சிவம்."

நான் ஜன்னலால் பார்த்தேன். தெருவில் தண்ணீர் ஓடியது. நானாவும் நானும் தொலைபேசியை வைக்கவில்லை. பேசவும் இல்லை.